டோனட் கடையில் என் பெயர்

ஏனுங்க,

போனில் என் லொக்கேஷனைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமையானா அவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி யாரைப் பாக்கப் போற?" என்று கேட்டீர்கள். யாரையும் இல்லை என்றேன். நீங்கள் நம்பவில்லை.

நம் வீட்டுப் பக்கம், பிளானோவில் கறிவேப்பிலை வாங்கப் போனால்கூட யாராவது ஓர் ஆன்ட்டி பிடித்துக்கொள்கிறார். "அந்தப் பையனோட அம்மாதானே நீங்க? மனசைத் தேத்திக்கங்க." வியாழக்கிழமைகளில் நான் போகிற அந்த டோனட் கடைக்காரம்மா மட்டும் வருகிற எல்லோரையும் போல என்னையும் "ஹனி" என்பார். நான் அழுதால் ஒரு டிஷ்யூவை வைத்துவிட்டுப் போய்விடுவார். எதுவும் கேட்டதில்லை.

இன்று நான் நுழைந்ததுமே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிழையே இல்லாமல், நம் ஊரில் கூப்பிடுவது மாதிரி. நீங்கள் என் போட்டோவைக் காட்டி விசாரித்தீர்களாம். உச்சரிப்பையும் சொல்லிக்கொடுத்தீர்களாம். பையன் இறந்துபோனதையும் சொன்னீர்களாம். டோனட்டுக்குக் காசு வாங்காமல், எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை.

நல்லதென்று நினைத்துத்தான் செய்திருப்பீர்கள். கோபமில்லை.

இனி வியாழக்கிழமைகளில் போனில் என் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. அது வீட்டை விட்டு நகராது.

இப்படிக்கு,
அந்தப் பையனின் அம்மா