ஊர் மாறிய கொசுக்கள்

இன்று காலை எங்கள் தெருவில் கொசுப்புகை அடித்துக்கொண்டு போனார்கள். டீசலும் மருந்தும் கலந்த அந்த நெடி ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் மகன் கொடுத்துவிட்டுப் போன கருமாதிப் பத்திரிகை மேசைமேல் கிடக்கிறது. நான் வரப்போவதில்லை. வந்தால் உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்வார்கள். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். அதனால்தான் யார் காதிலும் விழாமல் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வண்டியூருக்குக் கிழக்கே வயல்காட்டு ஊர்களில் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. பன்றியிலும் கொக்கிலும் இருக்கும் கிருமியை நெல்வயல் கொசு மனிதனுக்குக் கொண்டுவந்துவிடும். நம் இருவருக்கும் அரசாங்கம் கொடுத்த வேலை என்ன பெரிய வேலை? வாரம் ஒருநாள், பொழுது சாயும்போது, ஒரு கண்மாய்க்கரை ஊரின் மாட்டுக்கொட்டத்தில் நின்று, மாட்டின்மேல் உட்காரும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். குப்பியில் அடைத்து, ஊர்ப்பேர் எழுதிய சீட்டை ஒட்டி அனுப்ப வேண்டும். எந்த ஊரில் கொசு எண்ணிக்கை ஏறியிருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் கொசுப்புகை அடிக்கும் வண்டி முதலில் போகும்.

கொட்டம் பேச்சியம்மாளுடையது. நாம் குழாயை வாயில் வைத்ததும் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மெல்ல உறிஞ்சுங்கண்ணே, வகுத்துக்குள்ள போயிறப் போவுது" என்பாள். அவளுடைய ஆறு வயது மகள் ராக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். நீங்களும்தான் சிரித்தீர்கள். அந்தப் பிள்ளையின் முகம் உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஐப்பசி மழையில் பாதை சேறானதும் உங்களுக்குச் சோம்பல் வந்தது. திருப்பரங்குன்றத்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பால்காரர் கொட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். வயலும் கிடையாது, கண்மாயும் கிடையாது. பிடித்ததே கொஞ்சம். சீட்டில் கண்மாய்க்கரை ஊரின் பேரை எழுதினீர்கள்.

"அண்ணே, இது தப்புண்ணே" என்றேன்.

"கொசுவுக்கு நெத்தியிலயா ஊர்ப்பேரு எழுதியிருக்கு? பேசாம கையெழுத்தப் போடு மாப்ள."

போட்டேன். நான்கு வாரம் போட்டேன். உங்கள் வீட்டில் சூடாக வடையும் காபியும் கிடைத்ததை மறைத்து எழுதினால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன்.

நம் குப்பியைப் பார்த்து அந்த ஊரில் கொசு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். கொசுப்புகை வண்டி வேறு ஊர்களுக்குப் போனது. ஐந்தாவது வாரம் ராக்குவுக்குக் காய்ச்சல் கண்டது, வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினாள். ஆனால் கால் எழவில்லை, பேச்சு வரவில்லை, பெற்றவளையே அடையாளம் தெரியவில்லை. புகை அடித்திருந்தால் தப்பியிருப்பாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தப்பியிருக்க மாட்டாள் என்று பிறகு என்னிடம் சத்தியம் செய்ய உங்களுக்கு மட்டும் எப்படி வாய் வந்தது?

கொசுவே இல்லாத ஊரில் காய்ச்சல் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு அதிகாரி நேரே அந்த ஊருக்கு வந்தார். கொட்டத்து வாசலில் வைத்து, "வாராவாரம் வந்தீங்களா?" என்றார். "வந்தோம் சார்" என்றீர்கள். நானும் "வந்தோம் சார்" என்றேன். அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, "வந்தாக சார். மழையோட மழையா வந்தாக. பாவம், அவுகளக் கொற சொல்லாதீக" என்றாள்.

திரும்பி வருகையில் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "பாத்தியா மாப்ள, சாட்சியும் நம்ம பக்கந்தேன்" என்று சிரித்தீர்கள். அந்த நிமிஷம் உங்களை வெறுத்தேன். பிறகு ஊழியர் சங்கத் தலைவரானீர்கள், பொன்னாடை போர்த்திக்கொண்டீர்கள். வெறுப்பு ஒரு பொட்டும் குறையவில்லை.

பின்னொரு நாள் தனியாகப் போய், ஏன் பொய் சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன். "மழையில வர முடியாமப் போச்சு, அம்புட்டுத்தானே? அதுக்கு ரெண்டு குடும்பம் தெருவுல நிக்கணுமா?" என்றாள். நாம் வரவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் ஊர்ப்பேரை வேறு ஊர்க் கொசுக்களுக்கு ஒட்டி அனுப்பியதும், அதை நம்பித்தான் கொசுப்புகை வண்டி வராமல் போனதும் அவளுக்குத் தெரியாது.

நீங்கள் போய்ச்சேர்ந்த செய்தியைச் சொல்ல, சென்ற வாரம் அங்கே போனேன். ராக்குவுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. கிழவி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். உங்களுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மனுசரு. நீங்க ரெண்டு பேருமே நல்லவுகதேன்" என்றாள்.

நீங்கள் தப்பிவிட்டீர்கள். அவளிடம் சொல்ல இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன். அன்றைக்கும் சொல்லாமல்தான் திரும்பி வந்தேன்.