சம்மதத்துக்கு முன்னால் போட்ட ஊசி

என் ரோஸ்லின் அக்காவுக்கு,

அங்கேயும் வெள்ளை நர்ஸ் கோட்டை இஸ்திரி போட்டுத்தான் டூட்டிக்குப் போகிறாயா? அப்பாசியாவில் நாம் தங்கியிருந்த ரூமில் உன் கட்டிலில் இப்போது ஒரு மலையாளப் பெண். நல்லவள்தான். குறட்டையே விடமாட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

ஒரு சேதி இருக்கிறது. அந்த முந்திரி கேக் நாள் நினைவிருக்கிறதா? அதைத் தின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. வீட்டில் கேட்காமல் மருந்து தரக்கூடாது என்பது நம் பள்ளிக்கூடத்து வழக்கம். அவள் அப்பா கட்டட வேலை சைட்டில், போனை எடுக்கவில்லை. நீ போனை என் கையில் திணித்துவிட்டு அலர்ஜிக்கான அவசர ஊசியை அவள் தொடையில் அழுத்திவிட்டாய்.

பிள்ளை பிழைத்தது. உன்னை ஆபீஸில் நிற்கவைத்தார்கள்.

"பெர்மிஷன் வாங்காம எப்படிம்மா குத்துவீங்க? கேஸ் ஆனா யாரு பதில் சொல்றது?"

"மூச்சு நிக்கப்போவுது, யாருகிட்ட சார் பெர்மிஷன் கேக்க?"

விசாவை கேன்சல் செய்துவிடுவார்கள் என்று பெட்டியைக் கட்டி, ஒரு மாதம் அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டாய். "ஏட்டி செல்வி, நான் செஞ்சது தப்பாட்டி?" என்றாய்.

"தப்புதான்க்கா. எனக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வைக்கலையே."

அன்றைக்குத்தான் சிரித்தாய். அவர்கள் உன்னை அனுப்பவில்லை. ஆனால் நீ செய்தது சரி என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. அப்படி ஒரு வரியைப் பார்க்காமலே லீவில் ஊருக்குப் போய்க் கண்ணை மூடிவிட்டாய். அப்படி என்ன அவசரம் உனக்கு?

இப்போது அதைப் பள்ளிக்கூடத்து விதியாகவே எழுதிவிட்டார்கள் அக்கா. டீச்சர் வாசித்துக் காட்டினார். வருடத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டுமாம். பயிற்சி எடுத்தவர் நல்ல மனதோடு அவசர மருந்து கொடுத்தால் அவர் மேல் நடவடிக்கை கிடையாதாம். கேஸ் வந்தால் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளுமாம். எங்களைப் போன்ற பஸ் ஆயாக்களுக்கும் இது உண்டு. என்னையும் கூப்பிட்டு, ஆரஞ்சுப் பழத்தில் குத்தப் பழக்கினார்கள்.

"அழுத்திப் பிடிச்சு பத்து எண்ணணும், தெரியும்ல?"

"அது வரைக்கும் படிச்சிட்டுத்தான் சார் பள்ளிக்கூடத்தை விட்டேன்."

அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு, என் பஸ்தான். அவள் அப்பாதான் முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டார். "அந்த சிஸ்டர் எங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடாமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

அந்தப் பிள்ளைக்கான ஊசி என் தோள் பையில் இருக்கிறது. பூட்டிவைக்க மாட்டேன். ஏதாவது ஒன்றென்றால், போன் அது பாட்டுக்கு அடிக்கட்டும். நான் பத்து எண்ணி முடித்துவிட்டுத்தான் காதில் வைப்பேன். பெட்டி கட்ட மாட்டேன் அக்கா.

உன் கட்டிலுக்கு அடுத்த கட்டில் தங்கச்சி,
செல்வி