முழங்காலுக்கு ஏறிய பாவாடை

அன்பு மகன் டோர்கிலுக்கு அப்பா வெமுண்ட் எழுதுவது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நானும் உன் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகம். கல்லுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சுகமா என்பதை அவர்களே ஒளிந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். தெற்குக் கடலில் துடுப்புப் போடும் நீயும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். என் எழுத்து கோணல்தான், பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா சிரிக்கிறாள், அவளுக்கு இந்தக் கோணலும் எழுதத் தெரியாது.

மீன் வியாபாரியிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. பாவாடையை ஊர் மன்றம் கூடுற பாறையில கொளுத்திட்டு, என் கை கேடு பிடிச்ச கை, இனி யாரையும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிருங்கப்பா, உயிராவது மிஞ்சும் என்று சொன்னாயாம். பாவாடைக்காரன் மகன் என்று கப்பலில் உன்னைக் கேலி செய்கிறார்களாம். நீ கோடையிலும் கையுறையைக் கழற்றுவதில்லை என்று வியாபாரி தானாகச் சொன்னான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ரத்தம் வழிகிற இடத்தில் வைத்தால் உன் கையும் என் கையைப் போலச் சூடாகும், ரத்தம் நிற்கும்.

இது பெண்ணுக்கு வந்தால் சூனியம், ஆணுக்கு வந்தால் சூனியத்தோடு மானக்கேடும் என்று, ஊருக்குச் சட்டம் சொல்கிற கிரிம் தீர்ப்புக் கொடுத்து, உன் அம்மாவின் பாவாடையைக் கொடியிலிருந்து உருவி என் இடுப்பில் கட்டி ஊரை விட்டுத் தள்ளினானே, உன் அம்மா இன்றுவரை அவனைத் திட்டுவது என்னைத் துரத்தியதற்காக இல்லை, புதுப் பாவாடையை எடுத்ததற்காகத்தான். நான் அதைக் கழற்றவே இல்லை. நல்ல சிவப்புக் கம்பளி. கால்சட்டை போட்ட வீரர்கள் எல்லாம் குளிரில் பல்லைக் கிட்டிக்கொண்டு கிடந்தார்கள், எனக்குத் தொடை வரைக்கும் கதகதப்பு. காயத்துக்குக் கட்டுப் போட அதன் ஓரத்தைத்தான் கிழிப்பேன், கணுக்காலில் இருந்தது இப்போது முழங்காலுக்கு ஏறிவிட்டது. விலக்கப்பட்டவனைப் பார்க்க வருவது குற்றம் அல்லவா, அதனால் காயம்பட்டவர்கள் எல்லோரும் தொலைந்த ஆட்டைத் தேடி வருகிறார்கள், வீட்டில் ஆடே இல்லாதவனும் வந்துவிட்டான்.

பனி இளகும்போது யார் வந்தது என்று நினைக்கிறாய், கிரிமேதான். சறுக்குவண்டியில் படுக்கப் போட்டு அவன் மனைவி ராக்னா இழுத்து வந்தாள். வயிற்றில் ஓட்டை. தொலைஞ்ச கிடாவைத் தேடி வந்தேன் என்று முனகினான். கிடா உங்களைக் கண்டுபிடிச்சிருச்சு போலிருக்கே என்றேன். அவன் வளர்த்த கிடாதான் முட்டியிருந்தது. கையை வைத்தேன், சூடேறியது, ரத்தம் நின்றது, தைத்தேன், பாவாடையில் அகலமாக ஒரு பட்டை கிழித்துச் சுற்றினேன். வெளிய சொல்லிராதே வெமுண்ட் என்றான். நான் ஏன் சொல்றேன், முதல்ல கிடாகிட்ட வெளிய சொல்லாதேன்னு கேட்டுக்கோங்க என்றேன்.

அப்புறம் மன்றம் கூடியது. சத்தியம் செய்யாவிட்டால் என்னை எவன் வெட்டினாலும் குற்றமில்லை என்று தீர்ப்பாகும், இதுதான் பேச்சு. நான் பாவாடையோடுதான் போனேன். தீ எரிகிறது. கழற்றிப் போட்டுச் சத்தியம் பண்ணு என்று கிரிம் பாறை மேல் நின்று கத்துகிறான். உன் கையை நினைத்துக்கொண்டேன் டோர்கில். என் கை கேடு என்றால் உன் கையும் கேடு, அந்த வார்த்தை என் வாயில் வராது. அதற்குப் பதிலாக இப்படிச் சொன்னேன், சட்டப்படி முழுப் பாவாடையும் எரியணும், இது பாதிதான், மிச்சத்தை வச்சிருக்கிறவங்க கொண்டாங்க என்று. ஒருவரும் அசையவில்லை. கிரிமின் கை மட்டும் வயிற்றுக்குப் போனது. உடம்பை முறுக்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்து மறுபடி கத்தப் போக, கூட்டத்திலிருந்து ராக்னா, ஏங்க, முறுக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும் என்று அலறிவிட்டாள். உடனே ஒரு மீன்காரி தன் மகனின் காலைத் தூக்கிச் சிவப்புக் கட்டைக் காட்டினாள், ஒருவன் சட்டைக் கையை மடக்கினான், கூட்டமே சிரித்து உருண்டது. கடைசியில் கிரிம், பாவாடை முழுசா சேர்ற வரைக்கும் வழக்கைத் தள்ளி வைக்கிறேன், அதுவரைக்கும் எவனும் இவன் மேல கை வைக்கக் கூடாது என்றான்.

எனவே நான் இன்னும் விலக்கப்பட்டவன்தான், கல்லுக்கு வெளியேதான் குடியிருப்பு, பரவாயில்லை. மறுநாள் ராக்னா கல்லின் மேல் ஒரு புதுப் பாவாடையை வைத்துவிட்டுப் போயிருந்தாள், உன் அம்மா அதை எனக்குத் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுப்பதில்லை.

ஈரக் காலுறையோடு தூங்காதே. உன் தோள் வலுக்கட்டும், பெரிய அலை உன் கப்பலைத் தொடாமல் விலகிப் போகட்டும். இத்துடன் சிவப்புக் கம்பளியில் ஒரு பட்டை வைத்திருக்கிறேன். கையுறையைக் கழற்றிவிட்டு அதை மணிக்கட்டில் கட்டிக்கொள், அடுத்து எவன் ரத்தம் சிந்தினாலும், உன்னைக் கேலி செய்தவனாக இருந்தாலும், கையை வை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். யார் கேட்டாலும் அந்தப் பட்டையைத் திருப்பி அனுப்பிவிடாதே, பாவாடை முழுதாகிவிடும்.

உன் அப்பா,
பாவாடைக்கார வெமுண்ட்