பாட்டு மூன்று முறை வந்த மத்தியானம்

ஆசை அம்மாவுக்கு,

அப்பா பிழைத்துவிட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே.

நீ இருந்தவரை சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் நீயும் அப்பாவும் பார்க்கும் தொடரின் பாட்டு வரும். "பாட்டு வந்துருச்சு, மாத்திரையப் போடுங்க" என்பாய். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அப்பா தட்டில் கை வைப்பார். நீ போன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

போன வருசம் தொடர் முடிந்துவிட்டது. பாட்டும் இல்லை, மாத்திரையும் மறந்துபோனது. பரளச்சி வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தவருக்கு நான்தான் பாளையம்பட்டியிலிருந்து போய் நெட் இணைப்பு வாங்கி, அதே தொடரை முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். "இனி நெனச்ச நேரத்துல பாக்கலாம்ப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடுமே, அதை யோசிக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் பாட்டு மூன்று முறை வந்திருக்கிறது. மூன்று முறையும் மாத்திரை போட்டிருக்கிறார். மோர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சித்திதான், சர்க்கரை இறங்கி வேர்த்துச் சரிந்து கிடந்தவரைப் பார்த்துக் கூப்பாடு போட்டாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "பாட்டு வந்துச்சுல்ல தாயி, உங்கம்மா சொன்னபடிதான போட்டேன்" என்றார்.

மாத்திரையை இப்போது சித்திதான் வைத்திருந்து வேளைக்குக் கொடுக்கிறாள். நெட்டையும் எடுத்துவிடலாம் என்று ரிமோட்டைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். எப்போதும் ஒரே பகுதி வரைக்கும் பார்க்கிறார், அதோடு நிறுத்தித் திரும்ப முதலிலிருந்து போடுகிறார்.

"ஏம்ப்பா, மிச்சத்தப் பாக்கலையா?"

"அதுக்கப்புறம் கூட உக்காந்து பாக்க உங்கம்மா இல்லையே."

டிவிக்காரன் நீ போன அன்றைக்கும் ஏழு மணிக்குப் பாட்டைப் போட்டான். அன்றைக்கு அது எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆனால் அப்படி ஓடி ஓடித்தான் அப்பாவையும் ஒவ்வொரு நாளாக இழுத்துக்கொண்டு போனது. இந்த நெட்டில் நிறுத்துவதும் அவர், திருப்புவதும் அவர். உன்னை விட்டு ஒரு நாள்கூட நகர மாட்டேன் என்கிறார்.

பிடுங்க மனசு வரவில்லை. அப்படியே விடவும் பயமாக இருக்கிறது. நீ என்னம்மா செய்திருப்பாய்?

ரிமோட்டை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். இனி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். அடுத்த பகுதியை அவர் போடுவாரோ, மாட்டாரோ. போட்டால், அன்றைக்கு அவரைத் தனியாக உட்கார்ந்து பார்க்க விட மாட்டேன்.

உன் மூத்த மக