இகராஷி டாக்டருக்குப் போன இனிப்புப் பெட்டி

தெட்சுரோ-சான்,

முதல் ரயிலில் டோக்கியோ போகிறேன். சோறு குக்கரில் இருக்கிறது, மிசோ சூப்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள்.

என் ரத்தப் புற்றுநோய் அபூர்வமானது. அதற்கென்றே டோக்கியோவில் இருக்கிற ஒரு டாக்டரைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அவரிடம் போக நம் ஊர் இகராஷி டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கூச்சத்தை விட்டுக் கேட்டேன். மூன்று வாரமாகியும் வரவில்லை.

நேற்று நேரில் போனபோதுதான் தெரிந்தது. வேறு டாக்டரிடம் போனால் அவர் மனம் புண்படுமே என்று எனக்குத் தெரியாமல் இனிப்புப் பெட்டியோடு போயிருக்கிறீர்கள். "என் பொண்டாட்டி ஏதோ பயத்துல கேட்டுட்டா, மன்னிச்சிருங்க டாக்டர்" என்றீர்களாமே!

அவர் சொன்னார்: "வேண்டாம்னுட்டீங்கன்னு நெனச்சு எழுதாம விட்டுட்டேன்மா. இந்த நோயப் பத்தி எனக்கே சரியாத் தெரியாது. தாராளமா போயிட்டு வாங்க." அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

பத்து மணிக்கு கேஸ் அடுப்பைச் சோதிக்க ஆள் வருவார். அவரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

கயோகோ

பி.கு. இகராஷி டாக்டர், ஆஸ்பத்திரியில் பரிசு வாங்கக் கூடாதென்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரிக்கவே இல்லை, மேஜைமேல் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வந்து சேரும் ரயிலில் திரும்புவேன். பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள், சேர்ந்து சாப்பிடலாம்.