காப்பு இறங்கட்டும் என்று சொன்னவள்

இன்று காலை ரேடியோவில், பெரியம்மை நம் நாட்டை விட்டே போய்விட்டது என்று சொன்னார்கள். கையிலிருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். போய்விட்டதாமடி. போகிறபோது உன்னையும் கொண்டுபோனதை யாரும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்புக்கு நீ பாடம் நடத்துவது, அடுத்த அறையில் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கும் எனக்கும் கேட்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தவை என்று நீராவி எஞ்சினைச் சொல்வாய். ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றிக்கொண்டு பறந்த பலூனைச் சொல்வாய். பிள்ளைகள் பலூனிலேயே நின்றுவிடுவார்கள். "பலூன் கெடக்கட்டும்டா. பால் கறக்குறவ கையைப் பாருங்க" என்பாய். மாட்டம்மை வந்த கைக்குப் பெரியம்மை வராததை ஒரு இங்கிலீஷ் டாக்டர் கவனித்ததையும், அந்தக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவன் கையில் கீறி வைத்ததையும், நீயே பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொல்வாய்.

அத்தனையும் தெரிந்த உனக்கே அம்மைத் தடுப்பு ஊசி குத்தியிருக்கவில்லை. எனக்கும்தான். சின்ன வயதில் குத்த வந்தபோதெல்லாம் நம் வீடுகளில் ஒளித்துவைத்துவிட்டார்கள்.

அந்தப் பங்குனியில் பக்கத்து ஊரில் அம்மை கண்டுவிட்டது என்று, குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். முந்தின நாள்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் வீட்டில் தாளிக்கக்கூட மாட்டோம். உடம்பில் ஊசி படுவதா? நான் பால்குடம் எடுப்பவள். நீ என் வீட்டு மாடியில் குடியிருப்பவள். ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாய். ஓடிவந்து உன்னை இழுத்தேன்.

"காப்பு எறங்கட்டும்டி. எட்டு நாளுதானே. எங்க வீட்டுல இருந்துக்கிட்டு ஆத்தாவக் கோவிக்க வச்சிறாத."

"டீச்சரே இப்பிடிச் சொன்னீகன்னா ஊருல யாரு கையை நீட்டுவாக?" என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "சரி, ஒனக்காக" என்று ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாய். பாவி, என்னை இரண்டு திட்டுத் திட்டியிருக்கக் கூடாதா?

காப்பு இறங்கியபோது அவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல். பிறகு உடம்பெல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை கட்டினோம். ஆத்தா வந்த வீட்டில் அழக்கூடாது என்றார்கள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். எந்தச் சாமியிடம் போய் முறையிடுவேன்? உனக்காக வேண்டிக்கொள்ள எனக்குத் தெரிந்தது அந்த ஆத்தா ஒருத்திதான்.

முகம் தெரியாமல் அம்மை மூடிக் கிடந்த நீ, கதவோரம் நின்ற என்னிடம் கேட்டாய்: "நீ குத்திக்கிட்டியாடி?"

"குத்திக்கிட்டேன்" என்றேன். பொய்.

"அப்பாடா" என்றாய்.

அப்படியே காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கையை நீட்டிக் குத்திக்கொண்டு, சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டுத் திரும்பி வந்தால், நீ இல்லை. அப்போதும் யாரும் வாய்விட்டு அழவில்லை.

இத்தனை வருஷமாக அந்த ஒரு 'அப்பாடா'வை வைத்துக்கொண்டு, இறக்கி வைக்க இடம் தெரியாமல் அலைகிறேனடி.