முன் கார்டில் பூட்டிய இரண்டு விளக்குகள்

கொழும்புத்துறை
வெள்ளிக்கிழமை பின்னேரம்

அன்புள்ள கொலின்ஸ் அண்ணைக்கு,

அன்றைக்கு அப்பா மோட்டார் சைக்கிளை முற்றத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் முதலில் கண்டது, முன் கார்டின் இரும்புக் குழாயில் இரண்டு ரப்பர் துண்டுகள் மட்டும் சுற்றியபடி இருந்ததைத்தான். அவற்றின் மேல் பூட்டியிருந்த விளக்குகள் இரண்டும் இல்லை. நீங்கள் டோகாவிலிருந்து வாங்கி அனுப்பிய விளக்குகள்.

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்கவேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார், நான் மாறித் தொடங்கிவிட்டேன், குறை நினைக்காதீர்கள். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீங்களும் அந்த வெயிலுக்குள் அப்படியே இருக்கவேண்டும் என்று அந்தோனியாரிடம் கேட்கிறோம். நேற்று அம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அரைப் பக்கம் எழுதினேன். “தம்பி, மத்தியான வெயிலுக்குள்ள தொப்பி இல்லாமல் நிக்காதை, பசி வந்தால் தேத்தண்ணியோட சமாளிக்காதை, லெனாட்டிட்டைத் திருக்கைக் கருவாடும் மிளகாய்த்தூளும் தந்துவிடுறன், ஈரக் கரண்டியைத் தூளுக்குள்ள போடாதை, இஞ்ச எல்லாரும் சுகம்.” அந்த இடத்தில் அம்மா நிறுத்தி, “அவ்வளவும் காணும், மிச்சம் ஒண்டும் எழுதாதை பிள்ளை” என்றார். நான் ஓம் என்றேன். அந்த மிச்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் அப்பாவின் சட்டைப் பைக்குள் இருக்கிறது, நீங்கள் எடுக்கும்போதெல்லாம் மூன்று பேரும் கேட்கத்தான் கதைப்போம், அத்தோடு எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதே எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில்தானே.

உங்களோடு வேலை செய்கிற லெனாட் அண்ணை லீவில் வந்து அந்த விளக்குப் பெட்டியைத் தந்த அன்றே அப்பா அதை மேசையில் வைத்து இரண்டு மூன்று தரம் திறந்து திறந்து பார்த்தார். கைதடிப் பக்கம் விடியற்காலை இருட்டில் மாடு படுத்திருப்பது தெரியாமல் போன வருடம் அவர் விழுந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதனால்தானே அனுப்பினீர்கள். கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவோம் என்றார், நான் தலையை ஆட்டி, பெட்டிக்குள் இருந்த தாளைக் காட்டினேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், ஆனால் படம் படமாகப் போட்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து பின்னேரம் வரைக்கும் நானும் அப்பாவும் முற்றத்தில்தான். பழைய ரயர் ரியூப்பை வெட்டிக் கார்டில் சுற்றி, அதன் மேல் கிளாம்பை வைத்து இறுக்கினேன், அப்படிச் செய்தால் வழுக்காது, பெயின்ரும் உரியாது. வயரைப் பெற்றோல் தாங்கிக்கு அடியால், மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டிச் சீற்றுக்குக் கீழே கொண்டுபோனேன். முதலில் ரிலேயை விட்டுவிட்டு நேரே சுவிச்சுக்குக் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் சுவிச்சு கை வைக்க ஏலாமல் சுட்டது, கழற்றிப்போட்டு ரிலேயும் பியூசும் வைத்துத் திருப்பிப் பூட்டினேன். அப்பா படலையடியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, “எங்கடை பிள்ளை பூட்டினது, வாயில்லாட்டியும் கையிருக்கு” என்று காட்டினார். அண்ணை, அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பொழுது பட்டதும் மதிலுக்கு முன்னால் நிறுத்தி வெளிச்சத்தைச் சரி பார்த்தோம். படத்தில் ஒரு ஆள் சீற்றில் இருக்கிறார், பின்னுக்குச் சாமானும் கட்டியிருக்கிறது, விளக்கின் உயரத்துக்கு மதிலில் ஒரு கோடு, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழவேண்டும் என்று அம்புக்குறி. நான் அப்படியே கீழே பார்க்க வைத்தேன். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன பிள்ளை, றோட்டில நண்டு பிடிக்கப் போறனே?” என்றார். பிறகு தானே குந்தியிருந்து விளக்கை நிமிர்த்தினார். “வள்ளத்தில லைற்று என்னத்துக்குக் கட்டுறது? எதிர வாறவன் முதல்ல எங்களைக் காண வேணும், கண்டால்தான் விலத்துவான். முப்பது வருசம் கடலில நான் அப்படித்தான் உயிரோட வந்தனான்.” நிமிர்த்திப் பிடித்தபடியே இருந்தார். ஸ்பனர் சாவியால் நட்டை இறுக்கியது நான்.

அடுத்த நாள் விடிய, சந்தைக்கு மீன் ஏற்ற என்னையும் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீனும் ஐசும் நிறைந்த பெட்டியை நாங்கள் பின்னுக்கு வைத்துக் கட்ட, பின் சக்கரம் பதிந்து முன்பக்கம் தூக்கியது. ஏலம் கூறுகிற கொட்டிலின் சுவரில் கிடந்த வெளிச்சம் மெல்ல மேலே ஏறிக் கூரைத் தாழ்வாரத்துக்குப் போனது. அங்கே நின்ற ஒருவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, “செபநாயகம், உதென்ன, கோயில் திருவிழாவுக்கே கட்டினனீ?” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். எனக்கு அந்தப் படம் அப்போதுதான் முழுவதுமாக விளங்கியது, சாமானை ஏற்றிவிட்டுத்தான் வெளிச்சம் பார்க்கவேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். இருபது ஆம்பிளைகள் நின்றார்கள். மூடிக்கொண்டேன். வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன், வீட்டில் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், அப்படியே இரண்டு கிழமை போய்விட்டது.

பிறகு ஒரு நாள் விடியற்காலை இருட்டில், அப்பா கொடிகாமம் சந்தைக்குப் போகிற வழியில், கைதடி தாண்டி, எதிரே சைக்கிளில் ஒருவர் வந்திருக்கிறார். வாழைக்குலை கட்டிய சைக்கிள். அப்பா அம்மாவிடம் குசினிக்குள் சொன்னதை நான் வெளியே நின்று கேட்டேன். “அந்த மனிசன் ஒரு கையால முகத்தை மறைச்சுது ஸ்ரெல்லா, மற்றக் கையால குலையோட சைக்கிளைப் பிடிக்க ஏலுமே? நான் முட்டேல்லை, சத்தியமா முட்டேல்லை, அது தன்ரை பாட்டில மதகுக்கட்டில போய் விழுந்துது.” அப்பா விட்டுவிட்டு வரவில்லை அண்ணை. தன் சட்டையைக் கழற்றி அவருடைய தலையைக் கட்டி, மடியில் கிடத்தி, அம்புலன்சுக்குப் போன் அடித்து, அது வரும்வரைக்கும் இருந்திருக்கிறார். அம்புலன்சு போன பிறகு, பொலிஸ் வர முன்னம், ஸ்பனர் சாவியை எடுத்து விளக்குகளைக் கழற்றி மீன்பெட்டிக்குள் ஐசுக்கு அடியில் வைத்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் ஒரு கீறல்கூட இல்லை, சைக்கிளுக்கோ விளக்கு இல்லை, சைக்கிள்காரர் தானாக விழுந்தார் என்று பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு அப்பாவை அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்த ஐயா ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். பெயர் கனகரத்தினம். கொடிகாமத்தில் சின்னத் தோட்டம் வைத்திருந்தவர். அன்று பின்னேரம் அப்பா இறங்குதுறைக்குப் போய் விளக்குகளைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் பூசைக்குப் போகிறார், நற்கருணை நன்மை வாங்க எழும்புவதில்லை.

ஒரு கிழமை கழித்து கனகரத்தினம் ஐயாவின் மனைவி கமலாவதி அம்மாவும் மகள் நிவேதனா அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று அம்மா பயந்துவிட்டார். அவர்கள் நன்றி சொல்ல வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார்கள், அந்தக் குலையில் மிஞ்சியதோ தெரியாது, நான் கேட்கவில்லை. கமலாவதி அம்மா அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, “அண்ணை, நீங்கள் இல்லாட்டி அவர் நாய் மாதிரி றோட்டில கிடந்து செத்திருப்பார்” என்று அழுதார். பிறகு சொன்னார், ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தரம் கண் திறந்தாராம், “வெளிச்சம், வெளிச்சம்” என்று மட்டும் சொன்னாராம். “எங்கடை ஐயர் சொல்லுறார், அது சிவசோதி, புண்ணியம் செய்த சீவனுக்குத்தான் தெரியுமாம். உண்மையே அண்ணை? நீங்கள் கிட்ட இருந்தனீங்கள், உங்களிட்டையும் சொன்னவரே?” அப்பா கையை இழுத்துக்கொண்டார். அம்மா முந்திக்கொண்டு, “ஓம் அக்கா, எங்கடை ஆண்டவரும் ஒளிதானே” என்றார். கமலாவதி அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அவருடைய முகத்தில் வந்த அந்த ஆறுதலைப் பார்த்துவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன்.

நிவேதனா அக்கா அழவில்லை. “மாமா, அப்பா குடிச்சுப்போட்டு விழுந்ததெண்டு சனம் கதைக்குது. அவர் வெறும் சோடாகூடக் குடியார். முப்பத்தோராம் நாளுக்கு அவற்றை நினைவாக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறம். கடைசியாப் பக்கத்தில இருந்தவர் எண்டு நீங்கள் நாலு வரி எழுதித் தாங்கோ, அச்சடிச்சால் ஊர்வாய் அடங்கும்” என்று கேட்டார். அப்பா தனக்கு எழுத வராது என்று சொல்லி என்னைக் காட்டினார். “உவள் எழுதுவாள். எழுத்து முத்து மாதிரி.” நிவேதனா அக்கா என்னைப் பார்த்து, “வெள்ளிக்கிழமைக்குள்ள தருவியே தங்கச்சி?” என்றார். நான் தலையாட்டினேன்.

அப்பா சொன்னது இவ்வளவும்தான். “அவர் குடிச்சிருக்கேல்லை. சைக்கிளுக்கு லைற்று இல்லை, இருட்டில தானாத் தடுமாறி விழுந்தார். கடைசியா வெளிச்சத்தைக் கண்டு சொன்னார்.” முதல் வசனத்தை எழுதக் கை கூசவில்லை. இரண்டாவதில் நின்றுவிட்டது. மூன்று தாள் கிழித்தேன். புதன்கிழமை அம்மாவிடம், என்னால் ஏலாது என்றேன். அம்மா அரிசி களைந்த கையோடு திரும்பிப் பார்த்தார். “ஏலாதோ? அப்பாவைக் கொண்டுபோய் உள்ளுக்கு வைச்சால் பிறகு ஏலுமோ? மீன்பெட்டியை நீ கட்டிக்கொண்டு ஓடுவியோ? செத்தவர் திரும்பி வரப்போறாரே? அந்த மனிசிக்கு ஒரு ஆறுதல் கிடைச்சிருக்கு, அதையும் பிடுங்கப் போறியே?” அம்மா சொன்னதில் பிழை எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை அண்ணை, இன்னும் தெரியவில்லை. பிறகு அறைக்குள் அப்பாவிடம் அம்மா சொன்னதும் கேட்டது. “நீங்கள் யோசியாதேங்கோ. உவள் வாய் துறக்கிறவளோ? உவளால எங்களுக்குப் பயமில்லை.”

அம்மா அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது கொட்டிலடியில் அந்த இருபது பேருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டதைவிட வலித்தது. நான் வாய் திறக்காததால்தானே கனகரத்தினம் ஐயா செத்தார். இப்போது அவருடைய பெயரில் அச்சாகிற புத்தகத்திலும் அவரே பிழைகாரராகக் கிடக்கவேண்டும், அதையும் என் கை எழுதவேண்டும். நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லாதீர்கள். அனுப்பிய விளக்கில் பிழை இல்லை, தாளிலும் சரியாகத்தான் போட்டிருந்தது. அப்பாவோடும் கோபிக்காதீர்கள், அவர் படுப்பதும் இல்லை, சாப்பிடுவதும் பேருக்குத்தான். இனி ஒரு நாள் அவர் போனில் அழுதால் நீங்கள் முதலே அறிந்திருக்கவேண்டும், நான் அறிவித்துத்தான் அறிந்திருக்கவேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். பொலிஸ் வருமோ, நாங்கள் என்ன ஆவோமோ எனக்குத் தெரியாது. அப்பா சந்தைக்குப் போகாவிட்டால் நான் இறால் உரிக்கப் போவேன், அங்கே கதைக்கத் தேவையில்லை.

அம்மா கடைசியில் எழுதச் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், வேலைக்குப் போகமுன் நெற்றியில் சிலுவை போட மறக்காதே, வருகிற மாதம் உன் பிறந்தநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறோம், அன்றைக்கு மாமிசம் சாப்பிடாதே. இந்தக் கடிதத்தைக் கருவாட்டுப் பொதிக்குள் வைக்கவில்லை, லெனாட் அண்ணையின் கையில் தருகிறேன், வாசித்தபின் போனில் இதைப்பற்றி அம்மாவிடம் முதலில் கேட்காதீர்கள், அப்பாவிடம் கேளுங்கள்.

இன்றைக்குக் காலை அம்மா கோயிலுக்குப் போனதும் நான் ஒரு தாள் எடுத்து இரண்டு பக்கமும் எழுதினேன். மதிலில் வெளிச்சம் பார்த்தது, கொட்டிலில் ஏறியது, நான் சொல்லாதது, அப்பா கழற்றியது, ஐயா கையால் முகத்தை மறைத்தது, எல்லாம். கீழே என் பெயரைப் போட்டேன். தனியாக பஸ் ஏறியது இதுதான் முதல் தரம். கொடிகாமத்தில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டேன், மூன்றாமவருக்குத்தான் நான் கேட்டது காதில் விழுந்தது. அந்த வீட்டுப் படலையில் நின்ற நிவேதனா அக்கா, “வந்திட்டியே தங்கச்சி, அச்சுக்காரன் பார்த்துக்கொண்டு நிக்கிறான்” என்று கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஓடிவிடவேண்டும் என்றுதான் பஸ்ஸுக்குள் நினைத்திருந்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் வாசித்து முடிக்கும்வரை அந்தப் படலையடியிலேயே நின்றேன்.

இப்படிக்கு
உங்கள் தங்கச்சி
ஜெசிதா